நடுச்சுவருக்கு இந்தப் பக்கம்

ஏரிக்கரைத் தெரு,
கார்த்திகை 18, வியாழன் காலை.

என் செல்ல மகள் ஜீவிதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். எழுதி முடித்ததும் அப்பா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வந்துவிடும், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பிறகு எழுதும் பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் போட்டதே இல்லை, இன்று நானே அப்படித்தான் எழுதப் போகிறேன். ஜீவி, உன் பிரசவத்துக்கு நான் வர முடியாது. அப்பா மட்டும் வருகிறார். என் பாஸ்போர்ட் காஞ்சிபுரம் கோர்ட்டில் இருக்கிறது. என்மேல் ஒரு வழக்கு. பயப்படாதே, நான் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை, ஆமைகளைத் தூக்கிக்கொண்டு போன வழக்கு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். பிறகு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி.

நீ கல்யாணமாகிப் போனபோது நம் தெருவுக்கு எதிரே ரோடு நான்கு வழியாக இருந்தது அல்லவா, இப்போது ஆறு வழி. இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு, அதற்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இடுப்பளவு ஆழத்தில் சிமெண்ட் கால்வாய், ரோட்டின் நட்டநடுவில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர். அந்தச் சுவரைக் குறை சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. ரோட்டைக் குறுக்கே கடக்கப் போய் இரண்டு வருடத்தில் மூன்று பேர் செத்தார்கள், அதற்குப் பிறகுதான் ஊரே கையெழுத்துப் போட்டுத் தடுப்புக் கேட்டது. மனுவை எழுதியது யார் என்று நீ கேட்க வேண்டியதில்லை, இந்த ஊரில் மனு எழுத வேறு யார் இருக்கிறார்கள். “ஓரிடத்திலும் இடைவெளி விடாமல்” என்ற வரி என்னுடையதுதான், நன்றாக அமைந்துவிட்டது என்று அன்று எனக்குப் பெருமைகூட. கேட்டபடியே கட்டிக் கொடுத்தார்கள். இப்போது எதிரே கண்ணுக்குத் தெரியும் பால் பூத்துக்குப் போக வேண்டுமென்றால் இந்தப் பக்கமே ஒரு கிலோமீட்டர் நடந்து சுரங்கப்பாதையில் நுழைந்து அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். மழை பெய்தால் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர். அப்பா காபியைப் பால் இல்லாமல் குடிக்கப் பழகிக்கொண்டார், வயதுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்கிறார்.

நமக்காவது சுரங்கப்பாதை எங்கே இருக்கிறது என்று தெரியும். ஏரியில் இருப்பவற்றுக்கு யார் சொல்வது? உனக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு வீட்டில் சமையலறை இந்தப் பக்கம், பிள்ளை பெறும் அறை அந்தப் பக்கம், ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் நடுவில் சுவர். நம் ஏரியில் இருக்கும் பாலாமைகளுக்கு நடந்தது அதுதான். தின்பது திரிவது எல்லாம் ஏரியில், முட்டையிடுவது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் செம்மண் மேட்டுக்கொல்லையில். ஏரி ஓரத்து மண் ஐப்பசி மழையில் ஊறிவிடும், முட்டை அழுகிவிடும், அதனால் மேடு தேடிப் போகும். முன்பு ரோட்டுக்கு அடியில் கல் வைத்துக் கட்டிய பழைய மோரி ஒன்று இருந்தது, தரையோடு தரையாக, ஆள் குனிந்து போகும் அளவுக்கு. ஆமை, கீரி, உடும்பு, சாரைப்பாம்பு எல்லாம் அதற்குள்ளேதான் போய் வந்துகொண்டிருந்தன. ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த மோரியை இடித்துவிட்டு சிமெண்ட் குழாய் வைத்தார்கள், அதன் வாய் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் போகும். கால் நான்கு உள்ளது எதுவும் போகாது. கீரி குதித்து ரோட்டில் ஏறிச் சுவரடியில் நின்றுகொண்டு இங்கும் அங்கும் ஓடும், ஒரு லாரி தப்பினால் அடுத்த லாரி. முதல் மழை பெய்த சாயங்காலம் தவளைகள் ரோட்டோடு ரோட்டாக ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தேன், விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் சிதறவிட்ட புளியங்கொட்டை மாதிரி. கால்வாயில் விழுந்த ஆமைகள் செங்குத்துச் சுவரைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், நகம் தேய்கிற சத்தம் லாரிச் சத்தம் குறையும்போது கேட்கும். அப்பா இருபத்தாறு வருடம் இதே ரோட்டில் பஸ் ஓட்டியவர், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, “மழை நாள்ல டயருக்கு அடியில டப்புனு ஒரு சத்தம் வருமே, இன்னானு தெரியும், பேசஞ்சர் கேட்டா கல்லுனு சொல்லிடுவேன்” என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாத ஒன்று.

சுவரைத் தாண்ட முடியாத ஆமை என்ன செய்யும்? திரும்பும். திரும்பினால் இருப்பது நம் தெரு. போன வருட மழையில் இரண்டு மூன்று வந்தன, இந்த ஐப்பசியில் மழை பெய்த ஒவ்வொரு சாயங்காலமும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் ஒன்று வந்து நின்றது. ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம் ஜனங்களுக்கு இருக்கும் பயம் உனக்குத் தெரியும். வடக்குக் கோடியில் நெசவு வீட்டு ரேணுகாம்பாள் இருக்கிறாள் அல்லவா, அவள் தறிக்குழியில், கால் வைத்து மிதிக்கும் அந்தப் பள்ளத்தில், ஒன்று விழுந்து கிடந்தது. தறியில் முகூர்த்தப் புடவை பாதி ஓடியிருந்தது. அவள் கத்திய கத்தலில் தெரு கூடிவிட்டது, மறுநாளே சேதி டவுனில் முதலாளி காதுக்குப் போய்விட்டது. ஆமை விழுந்த தறியில் நெய்ததை எந்தப் பெண்ணுக்கு நான் விற்பேன் என்று சொல்லி, தறியில் ஓடும் அந்தப் பாவோடு சரி, இனி நெய்ய வேறு பாவு நூல் கிடையாது என்று ஆள் அனுப்பிவிட்டார். அவள் பிழைப்பு போனது நிஜம், அது ஆமையால் போனதா முதலாளியால் போனதா என்று அவளிடம் விவாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு தெருவில் ஆமையைப் பார்த்தாலே கட்டையை எடுத்தார்கள். நேராக அடித்தால் பாவம் என்று, மல்லாத்தி ரோட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள், லாரி பார்த்துக்கொள்ளும். நான் ஒரு நாள் அதைப் பார்த்தேன் ஜீவி. கால்கள் நான்கும் காற்றில் நீந்திக்கொண்டிருந்தன.

அதனால்தான் அந்த வேலையைத் தொடங்கினேன். யார் வீட்டுக்கு ஆமை வந்தாலும் தொடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்த ஆமையை மஞ்சள் குங்குமம் வைத்துக் கோயில் குளத்தில் கொண்டுபோய் விட்டால் தோஷம் நீங்கும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அது ஜனங்களுக்கும் சமாதானம், ஆமைக்கும் உயிர் மிஞ்சும் என்று நினைத்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொல்லையில் விடலாமே என்று நீ கேட்பாய். கொல்லைக்காரர்கள் எங்கள் தலையில் கட்டாதே என்று சண்டைக்கு வந்தார்கள். தாவீதுவைக் கேட்டேன். தாவீதுவை உனக்கு நினைவிருக்கும், காலனி ஆட்டோக்காரர், நான் ஓய்வு பெறும்வரை ஒன்பது வருடம் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஆட்டோவில்தான் போனேன். கேட்டவுடன் வந்தார். மடியில் வாளியை வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்காருவேன், அவர் கண்ணாடியில் பார்த்து, “டீச்சர், இந்த வயசுல உங்களுக்கு ஸ்கூல் புள்ளைங்க பத்தலன்னு ஆமைப் புள்ளைங்களைச் சேத்துக்கினு இருக்கீங்க, அட்டெண்டன்ஸ் எடுத்தீங்களா?” என்பார். திருப்புட்குழியைத் தாண்டி டவுனுக்குள் போய் ஒரு கோயில் குளத்தில் படியில் இறங்கி ஒவ்வொன்றாக விடுவேன். தண்ணீரைத் தொட்டதும் மூழ்கிப் போகும். வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

ஐப்பசி இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை, நானும் அப்பாவும் விசாவுக்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கச் சென்னைக்குப் போனோம், நீதான் அன்று காலையில் மூன்று முறை போன் செய்து ஞாபகப்படுத்தினாய். முந்தின நாள் பெய்த மழையில் தெருவில் ஒன்பது ஆமைகள் சேர்ந்துவிட்டன. வாளி போதாது. வீட்டில் வைத்திருக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. நான் சென்னை பஸ்ஸில் இருந்துகொண்டே தாவீதுவுக்குப் போன் போட்டு, நீங்களே கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார், “நீங்க கூட வந்தா நல்லா இருக்கும் டீச்சர்” என்றார். நான் ஒரு நாள்தானே என்றேன். ஒரு கோணியில் போட்டு வாயைக் கட்டிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனார். டவுன் முனையில் வண்டிச் சோதனை. கோணி அசைந்திருக்கிறது. அவிழ்த்துப் பார்த்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லிவிட்டார்கள். சட்டத்தில் புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில்தான் பாலாமையும் இருக்கிறதாம், எனக்குத் தெரியாது, முப்பத்திரண்டு வருடம் அறிவியல் எடுத்தவளுக்குத் தெரியாது. கறிக்கு விற்கக் கொண்டுபோகிறான் என்று வழக்கு. யார் சொல்லிக் கொண்டுபோகிறாய் என்று கேட்டதற்கு, எனக்கு ஒரு வேண்டுதல், நானேதான் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர் கோயில் குளத்துக்கு வேண்டுதல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றைக்கே ரிமாண்ட், சிறை. நாங்கள் சென்னையிலிருந்து திரும்பி வந்தபோது தெருவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். நான் பதின்மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. முதல் நாளே போயிருக்க வேண்டும். போகவில்லை. பாஸ்போர்ட் அந்த ஆபீஸில் இருக்கிறது, இந்த நேரத்தில் வழக்கு என்று ஒன்று வந்தால் விசா வராது, நீ தனியாகப் பனியில் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு கிடப்பாய் என்று கணக்குப் போட்டேன். வார்டு மெம்பர் மாணிக்கவேல் வீட்டுக்கு வந்தான், உன் பெரியப்பா வழியில் உறவுதான், கூடத்தில் உட்கார்ந்து, “டீச்சர், நீங்க இதுல தலையே குடுக்காதீங்க. அந்த ஆளுங்களுக்கு ஆமை துன்றது வழக்கம்தானேனு எல்லாரும் நெனச்சிக்கினு இருக்காங்க, அப்டியே வுட்டுடுங்க, பத்து நாள்ல பெயில்ல வந்துடுவான்” என்றான். ஜீவி, காலனியில் யாரும் ஆமை தின்று நான் பார்த்ததில்லை. தின்றிருந்தாலும் அது வேறு பேச்சு. அவன் சொன்னதில் இருந்த அசிங்கம் என்ன தெரியுமா, அது வேலை செய்யும் என்பதுதான். தாவீது பிறந்த தெருவின் பெயரே எனக்கு மறைவிடம். அவனை வெளியே போடா என்று சொல்லவில்லை நான். உள்ளே போய்க் காபி போட்டுக் கொடுத்தேன். அப்பா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, ஆனால் போய்ச் சொல்லு என்றும் சொல்லவில்லை, அவருக்கும் நீதான் ஒரே மகள்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை கூரியர் வந்தது. இரண்டு பாஸ்போர்ட்டிலும் விசா ஒட்டியிருந்தது. உனக்குப் போன் செய்து சொன்னோம், நீ போனிலேயே கத்தினாய், மாப்பிள்ளை போனை வாங்கி, “அத்தை, உங்களுக்குப் பனிச்சட்டை வாங்கிவிட்டேன், நீலக் கலர்” என்றார். நான் சிரித்தேன். போனை வைத்ததும் பாஸ்போர்ட்டைக் கூரியர் கவருக்குள்ளேயே போட்டு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏஞ்சல் வந்தாள், தாவீதுவின் மனைவி, செருப்புக் கம்பெனியில் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. உள்ளே வா என்றேன், வரவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவரு ஒரு சேதி சொல்லச் சொன்னாரு, அதான் வந்தேன். டீச்சர் கவலப்படாம ஊருக்குக் கெளம்பட்டும், பொண்ணுக்கு மாசம், நான் அவங்க பேர எங்கயும் சொல்லலனு சொல்லச் சொன்னாரு. சொல்ட்டேன்” என்றாள். போகத் திரும்பியவள் திரும்பவும் என்னைப் பார்த்து, “ஆமையத் தூக்கினு போனது அவரு. தூக்கினு போகச் சொன்னது யாரோ. அந்த யாரோ பிளேன்ல போறாங்க. நல்லா போய்ட்டு வாங்க டீச்சர், கொழந்தைக்கு நானும் ஜெபம் பண்றேன்” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அதிலும் பாதி கேலி, பாதி நிஜமான ஜெபம், எது எந்தப் பாதி என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை கேட்டருகே நின்றேன். பிறகு உள்ளே வந்து அப்பாவிடம், நாளைக்கு வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டேன். அவர், “காலையிலேயே ரொப்பிட்டேன்” என்றார். நான் சொல்வேன் என்று எந்தக் காலையிலிருந்து ரொப்பிக்கொண்டிருந்தாரோ.

திங்கட்கிழமை வனத்துறை அலுவலகத்துக்குப் போனோம். ரேஞ்சர் உன்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் பெரியவளாக இருப்பாள், மரியாதையாக நாற்காலி போட்டாள். நான் சொல்லி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, “மேடம், இதை நீங்க எழுத்துல குடுத்தா உங்களையும் வழக்குல சேர்க்கணும், எனக்கு வேற வழி இல்ல, வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வாங்க” என்றாள். வீட்டுக்குப் போனால் மறுபடி யோசித்துவிடுவேன் என்று அங்கேயே பேப்பர் வாங்கி எழுதினேன். நான்கு பக்கம். எத்தனை மனு எழுதியிருக்கிறேன், ஒன்றிலும் என்மேல் நானே குற்றம் எழுதியதில்லை. படித்துப் பார்த்துவிட்டு அவள் போனில் ஒரு படம் காட்டினாள். நான் ஆமைகளை விட்ட அதே குளம். சுற்றிலும் கருங்கல் படி, படிக்கு மேலே குப்பை போடாமல் இருக்கக் கட்டிய கம்பி வேலி, ஒரு சாண் மண்கூட இல்லை. “முட்டை போட மண்ணுக்குப் போக முடியலைன்னா இதுங்க தண்ணியிலயே போட்டுடும் மேடம், மீன் தின்னுடும்” என்றாள். குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னாள். நான் மடியில் வைத்து, மஞ்சள் வைத்து, சுவரிலிருந்து காப்பாற்றிக் கொண்டுபோய் விட்ட இடமும் நான்கு பக்கமும் சுவர்தான். பாடம் நடத்தியவளுக்கு இது தோன்றவில்லையே என்று அந்த நாற்காலியில் கூனிப் போய் உட்கார்ந்திருந்தேன். நல்லது செய்ததற்காகத் தண்டனை வாங்கிக்கொள்கிறோம் என்ற ஆறுதலாவது இருந்தது, அதையும் அந்தப் படம் எடுத்துக்கொண்டது.

மறுநாள் கோர்ட். வயதைப் பார்த்து எனக்கு அன்றைக்கே ஜாமீன் கொடுத்தார்கள். மூன்று நிபந்தனை. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்தரை மணிக்கு ரேஞ்சர் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு முடியும்வரை எந்த வனவிலங்கையும் தொடக் கூடாது. கூரியர் கவர்கூட முழுதாகக் கிழிக்காமல் இருந்தது, அதோடு எடுத்துக் கொடுத்தேன், கிளார்க் புரட்டி விசாப் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். என் வாக்குமூலத்தால் விற்பனைக்கு இல்லை என்று ஆனதால் வெள்ளிக்கிழமை தாவீதுவுக்கும் ஜாமீன் கிடைத்தது. பதினேழு நாள் உள்ளே இருந்திருக்கிறார். ஆட்டோ இன்னும் வரவில்லை, வழக்குச் சொத்தாம், அலுவலக வளாகத்தில் மழையில் நிற்கிறது. வெளியே வந்ததும் நேராக நம் வீட்டுக்கு வந்தார், மெலிந்துபோய், தாடியோடு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “இன்னா டீச்சர் இப்டிப் பண்ணிட்டீங்க, நான் பதினேழு நாள் மெனக்கெட்டு உள்ள குந்திக்கினு இருந்தது வேஸ்ட்டா பூட்ச்சே” என்றார். அப்பா சிரித்துவிட்டார், தாவீதுவும் சிரித்தார், நான் சமையலறைக்குள் போய்விட்டேன். ஏஞ்சல் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசத் தேவையும் இல்லை.

எனக்கு மருமகன் முறையாகும் வக்கீல் ஆனந்தராஜ் ஒரு வழி சொல்கிறான், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன், நாளைக்கு உனக்கே அவன் போன் செய்தாலும் செய்வான். “நான் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன், கோணியில் கட்டி எடுத்துப்போனதெல்லாம் அந்த ஆளின் சொந்த முடிவு, பயத்தில் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்” என்று நான் ஒரு மனு போட்டால், மகளின் பிரசவத்தைக் காட்டி வெளிநாடு போக அனுமதி வாங்கிவிடலாமாம். தாவீது மறுபடி தனியாகிவிடுவாரே என்றேன். அது அவன் வக்கீல் பாடு அத்தை என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியே அனுமதி கேட்டுப் பார் என்றேன், கேட்டிருக்கிறான், அந்த மனுவைத் தை பிறந்துதான் எடுப்பார்களாம், நம்பிக்கை வைக்காதீர்கள் என்கிறான். நீ என்மேல் கோபப்படலாம். ஊரான் ஒருவனுக்காக என்னை விட்டுவிட்டாயா என்று கேட்கலாம். உன் முதுகு வலிக்கும்போது தேய்த்துவிட நான் அங்கே இருக்க மாட்டேன், அந்த ஒன்றுக்கு எந்த நியாயமும் ஈடு ஆகாது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அந்த நேரத்தில் இங்கே இன்னொருவர் எனக்காகச் சிறைக்கும் கோர்ட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தால் என்னால் ஒரு தாலாட்டு வரி பாட முடியுமா சொல்.

பிடிபட்ட ஒன்பது ஆமைகளையும் வனத்துறையினர் நம் ஏரியிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், எங்கே பிடித்ததோ அங்கே விட வேண்டும் என்பது விதியாம். ரேஞ்சர் நல்ல பெண், கால்வாயில் ஏறி வரச் சரிவாக மண் கொட்டவும் தரையோடு ஒரு பாதை விடவும் கேட்டு ரோடு வேலை பார்க்கிறவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில். நேற்று சாயங்காலம் மழை பெய்தது. கேட்டருகே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்று வந்தது, நல்ல பெரியது, வயிறு கனத்தது. எப்படியோ கால்வாயைத் தப்பி ரோட்டோரம் ஏறி, லாரி இல்லாத ஒரு நிமிஷத்தில் நடுச்சுவர் வரை போய்விட்டது. சுவரில் மூக்கை வைத்தது. பிறகு சுவரை ஒட்டியே நடக்கத் தொடங்கியது, ஒரு கிலோமீட்டருக்கு இடைவெளியே கிடையாது என்று எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. நான் கையை நீட்டினால் குற்றம், நீட்டாவிட்டாலும் என்னவோதான். அது கண்ணுக்கு மறையும்வரை நின்றேன், தொடவில்லை, அடுத்து என்ன ஆனது என்று போய்ப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

அப்பாவுக்கு ஒரு வாரமாகப் பயிற்சி நடக்கிறது. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் வந்துவிட்டது, ரசம் இன்னும் சரியாக வரவில்லை. குழந்தைக்குப் பதிலாகத் திண்டுத் தலையணையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்தேன், கழுத்தைப் பிடிக்கச் சொன்னால் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது போலப் பிடிக்கிறார். போகப் போக வந்துவிடும். பிரசவ லேகியம் கிளறி டப்பாவில் அடைத்துவிட்டேன், காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு, அப்பா மறந்துவிடுவார், நீ கேட்டு வாங்கிச் சாப்பிடு. அவர் கையில் குழந்தையைக் கொடுக்க யோசிக்காதே, ஆயிரக்கணக்கான பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த கை அது. அவர் முன்னால் என்னை நினைத்து அழாதே, அவரும் சேர்ந்து அழுவார், யார் யாரைச் சமாதானம் செய்வது. பனியில் கடைக்குத் தனியாகப் போகாதே. மாப்பிள்ளையிடம் அந்த நீலச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று சொல், அப்பாவுக்குச் சரியாக இருக்கும்.

நீயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். உன் கோபம் தீர எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், அத்தனை நாளும் என் ஆசீர்வாதம் உன் தலைமேல் இருக்கும்.

மறக்காமல் ஒன்று. டாக்டர் உனக்குக் கொடுத்திருக்கும் தேதி ஜனவரி இருபது. எங்கள் வழக்கு பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை வருகிறது. நானும் தாவீதுவும் காலையிலிருந்து கோர்ட்டில் நிற்போம், பெயர் கூப்பிட எந்நேரம் ஆகும் என்று தெரியாது, உள்ளே போனை அணைத்து வைக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் வலி எடுத்துவிட்டால் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துக் கவலைப்படாதே. பிள்ளை பிறந்ததும் அழுகிறதை அப்பா பதிவு செய்து அனுப்பி வைக்கட்டும். வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன்.

என்றும் உன்,
அம்மா,
து. கிருஷ்ணவேணி